மைனஸ் பத்து

ஆய்வக வாசலில் ஞானப்பிரகாசம்
தடுப்புக் கம்பியில் கை வைத்தபடி சொன்னார்:
"மேடம், வண்டி வர்றதுக்கு முன்னாடி
வாசம் வந்துருது."

எழுபத்தேழாம் வருடத்து டாட்சன்.
இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. நீள மூக்கு.
ஆறு சிலிண்டர், ஆறு இன்ஜெக்டர்,
செக்காலை ரோட்டின் ஒவ்வொரு வேகத்தடையிலும்
வயிற்றைத் தேய்த்து மன்னிப்புக் கேட்கும் உயரம்.
புதுக்கோட்டை போய்த் திரும்பப் பதினாறு லிட்டர்.
சைலன்சர் வாயில் விரலை விட்டு எடுத்தால்
கண்ணுக்கு இட்டுக்கொள்ளலாம், அவ்வளவு மை.

ஐந்து விளக்குப் பக்கத்தில் ஒருவர் ஃபில்டரை மாற்றினார்.
தேவகோட்டைக்காரர்
இன்ஜெக்டர் ஆறையும் கழற்றிக் கழுவி
ஆறுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கினார்.
மதுரையில் சொன்னார்கள்:
கார்புரேட்டர் போட்டுருங்க மேடம்,
இந்தக் கம்ப்யூட்டர் சமாச்சாரம் நம்ம வெயிலுக்கு ஆகாது.

ஒரு ஞாயிறு நானே பிளக்குகளைக் கழற்றி
பழைய தினசரியின் மேல் வரிசையாக வைத்தேன்.
ஒன்று மட்டும் கறுத்திருந்தால்
அது அந்த ஒன்றின் பாடு.
ஆறும் ஒன்றுபோல் கறுத்திருந்தால்
மேலிடத்தில் யாரோ எதையோ
தப்பாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

கழனிவாசல் சிக்கந்தர் எதையும் கழற்றவில்லை.
தகரக் கொட்டகை, சித்திரை, மதியம் இரண்டரை.
ஸ்பேனரை வாளித் தண்ணீரில் நனைத்துத்தான் தொட முடிந்தது.
பெட்ரோல் அழுத்தம் பார்த்தார். சரி.
இருபது நிமிடம் இன்ஜினை ஓட விட்டு அணைத்தார்.
"இவனுக்குக் குளுருதான்னு கேப்போம்" என்று
கம்ப்யூட்டர் பெட்டியின் சொருகியைப் பிடுங்கி
பதின்மூன்றாவது ஊசியில் மல்ட்டிமீட்டரை வைத்தார்.

ஒன்பதாயிரம் ஓம்.

கையேட்டில், எண்ணெய் ஊறிய பக்கத்தில்
அதற்கு நேரே போட்டிருந்தது:
மைனஸ் பத்து டிகிரி.

காரைக்குடியில்.
தார் செருப்போடு எழுந்து கூடவே வரும் மதியத்தில்
அந்தத் தகரப் பெட்டி
பனி மூடிய ஏதோ ஒரு விடியலில் உட்கார்ந்து
ஐயோ, விறைக்கிறதே இன்ஜின்,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
மூன்று மாதமாக என் சம்பளத்தை ஊற்றியிருக்கிறது.
கெட்ட எண்ணம் என்று சொல்ல முடியாது.
இலையை மூடிய பிறகும்
ஓரத்தைத் தூக்கிக் குழம்பு ஊற்றுகிறவர்கள்
எங்கள் பக்கத்தில் உண்டு.

"அப்ப சென்சார் போச்சா?"

பதில் சொல்லாமல்
சென்சாரின் தலையிலேயே நேராக வைத்துக் காட்டினார்.
முந்நூற்றுப் பத்து.
கொதிக்கிறேன் என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது.
தினமும். ஒழுங்காக.
சொன்னதற்கும் கேட்டதற்கும் நடுவில்
இரண்டு ஊசி, மேலே ஒரு ரப்பர் மூடி.
மூடியை உரித்தார்.

பச்சை.

எனக்குத் தெரியும் அந்தப் பச்சையை.
பத்தொன்பது வருடமாகச் சோறு போடுகிறது.
மண்டபத்துக் கரையில் தகடுகளை
உப்புக்காற்றுக்குத் தின்னக் கொடுத்து
மாதம் எத்தனை மைக்ரான் போயிற்று என்று
அளந்து எழுதுவது என் வேலை.
அரிமானப் பிரிவு என்று
அறைக் கதவில், என் பெயருக்குக் கீழே, பித்தளையில் இருக்கிறது.

சிக்கந்தருக்கும் அது தெரியும்.
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
உப்புத்தாளில் நகமளவு கிழித்து
என் கையில் கொடுத்தார்.
"நீங்களே தேய்ங்க மேடம்."

தேய்த்தேன்.
செம்பு தெரியும்வரை,
தெரிந்த பிறகும் கொஞ்சம்.

கோட்டையூர் தாண்டி நாலாவது கியர் போட்டபோது
பின்னால் புகை இல்லை.
சிக்னலில் நின்றால் ஒரு சின்னத் திணறல் இருக்கிறது,
அது வேறு கதை, அடுத்த மாதச் சம்பளம்.

திங்கட்கிழமை காலை
ஆய்வக வாசலில்
இரண்டு முறை ஹாரன் அடிக்க வேண்டியிருந்தது.
ஞானப்பிரகாசம் பேப்பரிலிருந்து நிமிரவே இல்லை.
வாசம் வரவில்லையாம்.